ஓணான் தின்னும் கீரைக்கு எந்த ஊர்ப் பெயர்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வளர்ப்பு ஓணான்களுக்கான உணவுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒப்படைத்தாக வேண்டும். தாடி ஓணான், பச்சை இகுவானா, முள்வால் ஓணான் ஆகிய மூன்றுக்கும் எந்த இலையை நாள்தோறும் தரலாம், எதை இடையிடையே தரலாம், எதை விலக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணைதான் அந்தக் கையேட்டின் உயிர். மற்ற பக்கங்களை எல்லாம் முடித்துவிட்டு, மூன்று நாளாக அந்த ஓர் அட்டவணையில் சிக்கிக் கிடக்கிறேன்.

மூலத்தில் ஒவ்வொரு கீரைக்கும் எதிரே, அதற்குப் பிற இடங்களில் வழங்கும் பெயரைத் தரும் பத்தி ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்துக்கே அது தேவைப்பட்டிருக்கிறது என்பதுதான் வியப்பு. அமெரிக்கர் அருகுலா என்பதைப் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ராக்கெட் என்கிறார்கள். அமெரிக்கரின் சுவிஸ் சார்டு ஆஸ்திரேலியரிடம் சில்வர்பீட் ஆகிறது. அவர்களிலேயே சிலர் அதை ஸ்பினாச் என்றும் சொல்லிவிடுகிறார்கள். பிக்வீட் என்றால் அமெரிக்காவில் தண்டுக்கீரையின் காட்டு உறவு. ஆஸ்திரேலியாவில் அதே சொல் தரையோடு படரும் சதைப்பற்றுள்ள வேறொரு கீரையைக் குறிக்கிறது. தாடி ஓணானின் தாயகம் ஆஸ்திரேலியா என்பதால் அந்நாட்டுக் குறிப்புகளை உலகெங்கும் படிக்கிறார்கள். படித்துவிட்டுத் தங்கள் ஊர்ப் பொருளில் புரிந்துகொள்கிறார்கள்.

எனக்கு முதலில் வேண்டியது அந்தப் பத்திக்கு ஒரு தலைப்புச் சொல். அடுத்தது ஸ்பினாச். அகராதிகளைப் பின்பற்றிப் ‘பசலைக்கீரையை விலக்கவும்’ என்று எழுதினேன். கைப்படியைப் படித்த தோழி, ‘பசலை கூடாது, புரிகிறது, அப்படியானால் பாலக் தரலாம், இல்லையா?’ என்று கேட்டாள். ஸ்பினாச் என்பதே பாலக். விலக்கச் சொன்ன கீரையையே என் தமிழ் பரிந்துரைத்துவிட்டது. இவை தவிர, காலர்டு, டேன்டலியன் என்ற இரண்டுக்கும் தமிழ்ப் பெயர் இருந்தால் சொல்லுங்கள்.

புலவர் ஐயா எழுதியது:

அம்மா, நல்ல கேள்வி. தோழியின் ஐயத்தில் நம் மொழி வரலாறே அடங்கியிருக்கிறது.

பசலை என்ற கீரைப்பெயரின் பழைய வடிவம் வயலை. யகரமும் சகரமும் ஒன்றுக்கொன்று மாறி வரும் என்பதை அயல் – அசல், முயல் – முசல், உயிர் – உசிர் ஆகிய இணைகளில் காண்கிறோம். அவ்வழியே வயலை வசலை ஆயிற்று. வகு – பகு என்பதுபோல வகரம் பகரமாகிப் பசலை ஆயிற்று. மலையாளத்தில் வசள, கன்னடத்தில் பசளெ, தெலுங்கில் பச்சலி என்று உடன்பிறந்த மொழிகளும் சான்று சொல்கின்றன. தலைவியின் மேனியில் படரும் பசலை இதனோடு தொடர்பற்றது. அது பசுமை, பசப்பு என்ற வேரிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக்கி, காதல் நோயுற்றவள் கீரையின் நிறம் பெற்றாள் என்று சிலர் மேடையில் பேசுவது கேட்க இனிமையானதே தவிர, சொல்லியலுக்கு உதவாது.

நற்றிணை 179ஆம் பாட்டு, ‘இல்லெழு வயலை ஈற்றா தின்றென’ என்று தொடங்குகிறது. வீட்டில் முளைத்த வயலைக் கொடியை ஈன்ற பசு தின்றுவிட, வளர்த்த பெண் பந்தை நிலத்தில் எறிந்து, பாவையை ஒதுக்கி, வயிற்றில் அடித்துக்கொள்கிறாள். வீட்டு விலங்கு கீரை தின்ற செய்தி உங்கள் கையேட்டுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பதிவாகியிருக்கிறது. நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: வயலை ஒரு கொடி. நீங்கள் சொல்லும் ஸ்பினாச் கொடியன்று. நிலத்தை ஒட்டி இலைக்கொத்தாக எழுவது. பாரசீகத்தில் அஸ்பனாக் என்றும் அரபியில் இஸ்பனாக் என்றும் வழங்கிய பெயரே ஐரோப்பாவுக்குப் போய் ஸ்பினாச் ஆயிற்று. சீனர்கூட அதைப் பாரசீகத்தோடு சேர்த்தே பெயரிட்டார்கள். ஆகவே ‘பாரசீகக் கீரை’ என்று எழுதலாம்.

பத்தித் தலைப்புக்குச் சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தம்குறிப் பினவே திசைச்சொற் கிளவி’ என்று தொல்காப்பியர் வகுத்துவிட்டார். ஒரு பொருளுக்கு ஒவ்வொரு நிலத்தார் ஒவ்வொரு பெயரிட்டு வழங்குவது திசைச்சொல். சிறுகுளத்தைப் பூழிநாட்டார் பாழி என்றும் அருவாநாட்டார் கேணி என்றும் வழங்குவதை உரையாசிரியர்கள் காட்டுகிறார்கள். குளத்துக்குப் பொருந்துவது கீரைக்கும் பொருந்தும். ‘திசைப்பெயர்’ என்று தலைப்பிடுங்கள். ஆறே எழுத்து; பத்தியின் அகலத்துக்கும் அடங்கும்.

விலங்கு மருத்துவர் எழுதியது:

புலவர் ஐயாவின் மடலை மகிழ்ந்து படித்தேன். ஆனால் அட்டவணையைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் இலைக்கட்டோடு நிற்பவர். அவருக்கு வயலையின் வரலாறு வேண்டியதில்லை, கட்டிலிருப்பது எது என்று தெரிய வேண்டும்.

இந்த விலங்குகளுக்கு உணவில் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ 2 பங்கும் பாஸ்பரஸ் 1 பங்கும் இருப்பது நல்லது. ஸ்பினாச்சில் சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் அதைக் குடலிலேயே பிணைத்துவிடுவதால் உடலில் சேர்வதில்லை. தொடர்ந்து இவ்வாறு நேர்ந்தால், அதிலும் வைட்டமின் டி3 உருவாகத் தேவையான 290 முதல் 320 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளி கிடைக்காத விலங்காக இருந்தால், தாடை மென்மையாகிறது, கைகால் எலும்பு வளைகிறது, தசை நடுங்குகிறது. அந்த நிலையில் என்னிடம் கொண்டுவரப்படும் ஓணான்களில் பலவற்றின் உணவைப் பற்றிக் கேட்கும்போது, ‘கீரைதான் தருகிறேன்’ என்ற விடையே வருகிறது. எந்தக் கீரை என்ற அடுத்த கேள்விக்குத்தான் விடை வருவதில்லை.

ஆகவே பெயர் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்காகப் பாரசீகக் கீரை என்றெழுதினால் அதை யாரும் எந்தக் கூடையிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பாலக் என்று எழுதுங்கள். அது பலருக்கும் தெரிந்த பெயர். கூடவே ஒன்று: ஸ்பினாச்சுக்குப் பசலை என்ற பெயரை நீக்குவதால் பசலை நல்ல கீரை ஆகிவிடாது. அதிலும் ஆக்சலேட் உண்டு. இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுத வேண்டும்.

இடையில் ஒரு சொல்: தாடி ஓணான் என்று எழுதியதற்கு நன்றி. முன்பொரு மொழிபெயர்ப்பில் அதைத் ‘தாடி நாகம்’ என்று பார்த்து அதிர்ந்திருக்கிறேன். தாடி ஓணானும் முள்வால் ஓணானும் நம் தோட்டத்து ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இகுவானா மட்டும் வேறு குடும்பம். உடும்பையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அது ஊனுண்ணி, கீரையைத் திரும்பியும் பார்க்காது.

ஈழத்து அன்பர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பசலைக்கும் பாலக்குக்கும் இடையில் நீங்கள் மோதிக்கொண்டிருக்கும்போது எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் அந்தக் கொடிக்குப் பெயர் பசளி. பசளை என்றால் பயிருக்கு இடும் உரம். ‘ஓணானுக்குப் பசலை தரலாம்’ என்று எழுதியதை எங்கள் ஊரில் ஒருவர் வேகமாக வாசித்தால் லகரம் ளகரமாகிவிடும். ஓணானுக்கு உரம் வைக்கச் சொல்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்வார். முட்டைக்கோஸ் எங்களுக்குக் கோவா. லெட்டூஸ் எங்களுக்குச் சலாது. நீங்கள் வள்ளைக்கீரை என்பதைச் சிங்களவரிடமிருந்து வாங்கிக் கங்குன் என்கிறோம். நீங்கள் பொன்னாங்கண்ணி என்பது எங்களுக்குப் பொன்னாங்காணி.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். திசைச்சொல் என்ற கருத்துக்கு ஒரு நடு உண்டு. செந்தமிழ் நிலம் எது என்பதை உரைகாரர்கள் வையையாற்றின் வடக்கு, மருதயாற்றின் தெற்கு, கருவூரின் கிழக்கு, மருவூரின் மேற்கு என்று வேலியிட்டுக் காட்டினார்கள். அந்த வேலிக்குள் இருப்பவர் சொல்வது சொல். வெளியில் இருப்பவர் சொல்வது திசைச்சொல். புலவர் ஐயா சொல்வதுபோலத் திசைப்பெயர் என்று தலைப்பிட்டால், இடப் பத்தியில் ‘முட்டைக்கோஸ்’ இருக்கும், வலப் பத்தியில் திசைப்பெயராகக் ‘கோவா’ இருக்கும். கோசும் கோவாவும் வெளியிலிருந்து வந்த சொற்கள்தாமே. இவற்றில் ஒன்று எப்படி நடுவாகவும் மற்றொன்று எப்படித் திசையாகவும் ஆகும்? அந்தப் பழைய எல்லைக்குள் சென்னையும் இல்லை என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன். ‘வழங்குபெயர்’ என்று இடுங்கள். அதற்கு நடுவும் இல்லை, விளிம்பும் இல்லை.

மலேசியத் தமிழாசிரியை எழுதியது:

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். வகுப்பில் இதே சிக்கலைச் சந்திப்பவள் என்ற முறையில் சுருக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் மாணவர் வள்ளைக்கீரையைக் கங்கோங் என்பார்கள், தண்டுக்கீரையைப் பாயாம் என்பார்கள். இரண்டும் மலாய்ச் சொற்கள். அதைவிடப் பெரிய தொல்லை, இந்நாட்டு ஆங்கிலத்தில் பாயாமையே ஸ்பினாச் என்று சொல்வது. ஆகவே ஸ்பினாச் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் அப்படியே எழுதினாலும் சிக்கல் தீராது: ஆஸ்திரேலியர் சிலர் சில்வர்பீட்டை நினைப்பார்கள், நாங்கள் தண்டுக்கீரையை நினைப்போம், எஞ்சியவர்கள்தாம் ஸ்பினாச்சையே நினைப்பார்கள். சொல்லப்போனால் ஸ்பினாச்தான் இந்த அட்டவணையின் மிகப் பெரிய திசைச்சொல்.

திசைப்பெயர் என்று கரும்பலகையில் எழுதினால், வடக்கு, தெற்கு என்று மாணவர் பட்டியல் போடுவார்கள். வழங்குபெயர் எனக்கு உடன்பாடு. ‘பிற பெயர்கள்’ என்றாலும் குறையில்லை; அதில் கலைச்சொல்லின் மிடுக்கு இல்லை என்பதுதான் அதன் மீது சொல்லத்தக்க ஒரே குற்றம்.

புலவர் ஐயா எழுதியது:

ஈழத்து அன்பரின் கண்டனத்தை ஏற்கிறேன். ஆனால் அதன் முடிவை ஏற்கவில்லை. உரைகாரர் இட்ட வேலி உரைகாரருடையது. நூற்பாவில் வையையும் இல்லை, கருவூரும் இல்லை. ‘தம்குறிப்பினவே’ என்ற சொல்லைப் பாருங்கள்: அவ்வந்நிலத்தார் தத்தம் குறிப்பில் வழங்குவது என்றுதான் அதற்குப் பொருள். கோவா ஈழத்தார் குறிப்பு, கோஸ் தமிழகத்தார் குறிப்பு. எல்லாமே திசை என்று கொண்டால் நடு என்பதற்கே இடமில்லை.

வழங்குபெயர் என்ற சொல் எல்லாவற்றையும் அடக்குவதால் எதையும் சொல்லாத சொல். வழங்காத பெயர் ஒன்றை யாராவது அட்டவணையில் எழுதுவார்களா? மேலும், உங்கள் அட்டவணையில் இருப்பது இருவேறு நோய். ஒரே கீரைக்குப் பல பெயர் இருப்பது ஒன்று. ஒரே பெயர் பல கீரைக்கு நிற்பது மற்றொன்று. இதையும் தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார், ஆனால் திரிசொல்லுக்கு இலக்கணமாக: ‘ஒருபொருள் குறித்த வேறுசொல் ஆகியும், வேறுபொருள் குறித்த ஒருசொல் ஆகியும்’. கோவாவும் கோசும் முதல் வகை. பசலையும் பிக்வீடும் இரண்டாம் வகை. முதல் வகையால் குழப்பம் வரலாம். இரண்டாம் வகையால்தான் ஓணானுக்கு எலும்பு வளையும். இரண்டையும் ஒரே பத்தியில் அடைப்பது நோயைக் கலப்பது. முதல் வகைக்குத் திசைப்பெயர் என்றும் இரண்டாம் வகைக்கு ‘மயங்குபெயர்’ என்றும் இரு பத்திகள் வேண்டும் என்பது என் துணிபு.

பாலக் என்று எழுதச் சொல்கிறார் மருத்துவர். வல்லினமெய் தமிழ்ச் சொல்லுக்கு ஈறாகாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ‘பாலக்கு’ என்று குற்றியலுகரம் கொடுத்து எழுதுங்கள்.

காலர்டுக்கு: முட்டைக்கோஸ், பூக்கோசு, நூல்கோல், புரோக்கோலி, பரட்டைக்கீரை என்று நாம் சொல்லும் கேல், காலர்டு ஆகிய அனைத்தும் தாவரவியலில் ஒரே இனம் என்று கேள்விப்படுகிறேன். காலர்டும் கேலும் சேர்ந்த பிரிவுக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் ‘தலையற்றது’. ஆகவே ‘தலையிலிக் கோசு’. டேன்டலியன் என்பது பிரெஞ்சில் சிங்கத்தின் பல். இலையோரம் பல்பல்லாக இருப்பதால் வந்த பெயர். அரி என்றால் சிங்கம், எனவே ‘அரிப்பல்’.

தாவரவியல் ஆசிரியர் எழுதியது:

புலவர் கேள்விப்பட்டது சரி. அவை அனைத்தும் பிராசிக்கா ஒலரேசியா என்ற ஒரே இனம். இவ்விடத்தில் சுவையான செய்தி ஒன்று: ஸ்பினாச் ஸ்பினேசியா ஒலரேசியா, தரையில் படரும் அந்தச் சதைப்பற்றுக் கீரை போர்ட்டுலாக்கா ஒலரேசியா. மூன்றிலும் வரும் ஒலரேசியா என்ற இலத்தீன் சொல்லுக்குக் கறிக்கு உரியது என்று பொருள். 1753இல் லின்னேயஸ் இனப்பெயரிடும்போது நம் அட்டவணையின் மூன்று வரிகளுக்குக் ‘கறிக்கீரை’ என்ற ஒரே அடைமொழியைத்தான் தந்திருக்கிறார். துல்லியத்துக்கு அறிவியற்பெயரை நாடுவோர் இதையும் நினைவில் கொள்ளட்டும். இரு சொல்லையும் சேர்த்து எழுதினால்தான் பயன்.

வயலையைப் பற்றிப் புலவர் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். அதன் பேரினப் பெயரான பேசெல்லா மலபார் வழக்கிலிருந்து எடுக்கப்பட்டது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்ற தாவர நூல் வழியாக அப்பெயர் ஐரோப்பியருக்குப் போயிற்று. ஆக, பசலை என்ற நம் பெயர் வேறு வடிவில் அறிவியற்பெயராகவே நிற்கும்போது, அதைத் தூக்கி வேறொரு செடிக்குக் கொடுத்தது அகராதிக்காரர்கள் செய்த பெரும் பிழை.

மொழிபெயர்ப்பாளருக்கு ஓர் எச்சரிக்கை. ரோமெய்ன் லெட்டூஸுக்குப் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் காஸ் என்றும் கோஸ் என்றும் ஒலிக்கும் ஒரு பெயர் உண்டு. கிரேக்கத் தீவொன்றின் பெயர் அது. அதைத் தமிழில் ‘கோஸ் கீரை’ என்று எழுதிவிட்டால் ஓணானுக்கு முட்டைக்கோஸ்தான் கிடைக்கும். தரையில் படரும் அந்தச் சதைப்பற்றுக் கீரையை முதல் மடலிலேயே நீங்கள் பெயர் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்; அறிந்து விட்டீர்களா என்று தெரியவில்லை. பருப்புக்கீரை என்று அதைச் சொல்வோர் உண்டு. சக்கரவர்த்திக்கீரையையும் பருப்புக்கீரை என்றே சொல்வோர் உண்டு. இரண்டும் வேறுவேறு குடும்பம். சக்கரவர்த்திக்கீரைக்குத் தண்டுக்கீரை, பாலக், சார்டு, பீட்ரூட் இலை எல்லாம் ஒரே குடும்பத்துச் சொந்தம்.

விலங்கு மருத்துவர் எழுதியது:

அரிப்பல் என்று எழுதினால், அந்தக் கீரையைத் தின்றால் அரிக்கும் என்று படிப்பவர் எண்ணுவார். தலையிலிக் கோசைப் பற்றிச் சொல்லவே தோன்றவில்லை. இந்த இரண்டும் நாள்தோறும் தரத்தக்க நல்ல கீரைகள். காலர்டில் ஆக்சலேட் குறைவு, சுண்ணாம்புச்சத்து மிகுதி. நல்ல கீரைக்கு அச்சமூட்டும் பெயரிட்டு விலக்கிவிட வேண்டாம். கடுகுக்கீரையும் அப்படித்தான். கோசுக் குடும்பத்து இலையை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் தைராய்டுக்கு ஆகாது என்பது உண்மை. மாற்றி மாற்றிக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. இந்தக் குறிப்பு அட்டவணைக்குக் கீழே ஒரு வரியாக வந்தால் போதும்.

பாலக்கு என்ற குற்றியலுகரத்துக்கு ஒரு மாற்று சொல்கிறேன். பலரும் ஏற்கனவே ‘பாலக்கீரை’ என்று சேர்த்தே எழுதுகிறார்கள். ககரமெய் சொல்லின் நடுவில் ஒற்றுப்போல அமர்ந்துவிடுகிறது. இலக்கணத்துக்கும் உறுத்தாது, வாசகருக்கும் தெரிந்த சொல்லாகவே இருக்கிறது.

புலவர் ஐயா எழுதியது:

பாலக்கீரை! மருத்துவர் இலக்கணம் அறியாதவர் என்று எண்ணியிருந்ததற்கு வருந்துகிறேன். தெரிந்தோ தெரியாமலோ நல்ல தீர்வைத் தந்துவிட்டார். மக்கள் நாக்கு பாலக்கைத் தமிழாக்கிய விதத்தை வியக்கிறேன்.

ஆயினும் ஒரு நெருடல். நாளை யாராவது இதைப் பால் என்று பிரித்து, பால் சுரக்கும் கீரை என்று விளக்கம் எழுதுவார். அடுத்த நாள் அது அகராதியில் ஏறும். உண்மையில் பால் வடிவது லெட்டூஸ். அதன் இலத்தீன் பெயருக்குள்ளேயே பால் இருக்கிறது. பாலில்லாக் கீரைக்குப் பாலக்கீரை, பாலுள்ள கீரைக்குச் சலாது என்று நிற்கப் போகிறது நம் அட்டவணை. இருக்கட்டும். இதற்கு மேல் தடை சொல்லமாட்டேன்.

அரிப்பல்லைத் திரும்பப் பெறுகிறேன். சிங்கப்பல் என்று எழுதலாம். தலையிலிக் கோசைத் திரும்பப் பெறவில்லை.

மலேசியத் தமிழாசிரியை எழுதியது:

ஐயா, தலையிலிக் கோசு என்றால் என் மாணவர் முதலில் கேட்பது, தலையை யார் வெட்டினார்கள் என்பதாகத்தான் இருக்கும்.

ஈழத்து அன்பர் எழுதியது:

விரிகோசு என்று சொல்லிப் பார்த்தேன். எங்களுக்கு விரிகோவா என்று மாற்றிக்கொள்ள எளிதாக இருக்கும். மயங்குபெயர் என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன். திசைப்பெயர் மீதான என் மறுப்பு அப்படியே இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அட்டவணையை அனுப்பிவிட்டேன். என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருத்தம் இருந்தால் அடுத்த பதிப்பில் சேர்ப்பார்கள்.

தலைப்பு ‘வழங்குபெயர்’ என்று போயிற்று. மூவர் அதை விரும்பினார்கள், ஒருவர் கடுமையாக மறுத்தார், எஞ்சியவர்கள் களைத்துவிட்டார்கள். இரண்டு பத்தி வைக்க இடமில்லாததால், மயங்குபெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் உடுக்குறி (*) இட்டு, அதன் விளக்கத்தில் ‘மயங்குபெயர்: இதே பெயர் வேறிடத்தில் வேறு கீரையைக் குறிக்கும், இலையைப் பார்த்து உறுதி செய்துகொள்க’ என்று எழுதினேன். புலவர் ஐயாவின் சொல்லில் பாதியாவது அச்சேறுகிறது.

வெறும் பசலை எங்குமே வரவில்லை. ஒரு வரியில் பாலக்கீரை, அதற்கு எதிரே ஸ்பினாச்; மற்றொரு வரியில் கொடிப்பசலை, அதற்கு எதிரே பசளி, வயலை. வயலை இன்று யார் வாயிலும் இல்லை என்பது தெரியும். நற்றிணைப் பசுவுக்காகச் சேர்த்தேன். பாலக்கீரைக்கு ‘கொடியன்று, நிலத்தை ஒட்டிய இலைக்கொத்து’ என்றும், கொடிப்பசலைக்கு ‘பற்றிப் படரும் கொடி, தடித்த வழவழப்பான இலை’ என்றும் சில சொற்களில் அடையாளம் தந்திருக்கிறேன். காலர்டு காலர்டாகவே போயிற்று, எதிரே விரிகோசு. டேன்டலியனுக்கு எதிரே சிங்கப்பல். ரோமெய்னுக்கு எதிரே எதையும் எழுதவில்லை.

தாவரவியல் ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார்: அந்தச் சதைப்பற்றுக் கீரையின் பெயரை முதல் மடலில் தவிர்த்தது அறிந்தேதான். ‘பருப்புக்கீரை’ என்ற சொல்லைத் தட்டி, அழித்து, மீண்டும் தட்டி, கடைசியில் ‘வேறொரு கீரை’ என்று மழுப்பினேன். அட்டவணையிலும் அந்த வரியில் அறிவியற்பெயர் மட்டும்தான் இருக்கிறது.

விலங்கு மருத்துவர் எழுதியது:

கவலைப்படாதீர்கள், அம்மா. பருப்புக்கீரை என்று வழங்கும் இரண்டிலுமே ஆக்சலேட் மிகுதி. எதை நினைத்து வாசித்தாலும் ‘அடிக்கடி வேண்டாம்’ என்ற வரிசையில்தான் வந்து நிற்கும். ஓணானைப் பொறுத்தவரை அந்தச் சிக்கல் தீர்ந்தது.

புலவர் ஐயா எழுதியது:

ஓணானுக்குத் தீர்ந்திருக்கலாம். இரு குடும்பத்துக் கீரைக்கு ஒரு பெயர் எப்படி வந்தது என்பது எனக்குத் தீரவில்லை. பருப்போடு சேர்த்துச் சமைப்பதால் வந்த பெயர் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த விளக்கத்தை நம்ப மனம் ஒப்பவில்லை. இதைத் தனி இழையாக நாளை தொடங்குகிறேன். வழங்குபெயர் குறித்த என் மறுப்பைக் குழுவின் சொற்பட்டியலில் ஒரு வரியாகவேனும் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.